எல்லாருக்கும் வந்ததா?

எங்கள் மகளின் ஆறாவது பிறந்தநாளன்று கேக் வெட்டும் கத்தியைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்தது என் கணவர். வயது எண்பதைத் தொட்டவர், மரியாதைக்கு ஒரு கீறு கீறிவிட்டுக் கத்தியைத் திருப்பித் தந்துவிடுவார் என்று எதிர்பார்த்திருக்கிறார். பெரியவரோ சட்டைக்கையை மடித்துக்கொண்டு வீட்டிலிருந்த தலைகளை எண்ணத் தொடங்கினார். குழந்தைகள், அவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நழுவப் பார்த்த பெற்றோர், சமையலறையில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த நான் என்று ஒருவரையும் விடவில்லை. பிறகு கேக்கைக் குனிந்து பார்த்து, ஒரு கண்ணை மூடி, மெதுவாக வெட்டினார்.

அதோடு விட்டாரா? பிறந்தநாள்காரியைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். ஒரு துண்டின்மேல் விரலை நீட்டி, "இது யாருக்கு?" என்று கேட்டார். அவள் திரும்பிப் பார்க்காமல் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். சொன்ன பெயருக்கு அந்தத் துண்டு. சர்க்கரை ரோஜாப்பூ இருந்த துண்டு, எல்லாரையும் கிள்ளிவைத்துவிட்டு ஓடும் ஒரு வாலுப்பையனுக்குப் போனது. யாரும் வாய் திறக்கவில்லை. யாரைக் குறை சொல்வது? கடைசித் துண்டு, வெட்டியவருக்கு. அதை எடுக்கும் முன் அறையை ஒரு சுற்றுப் பார்த்து, "எல்லாருக்கும் வந்ததா?" என்றார்.

"இதென்ன, சங்கக்கடையில பாண் குடுக்கிற மாதிரி" என்று, தன் ஊர் ரேஷன் ரொட்டி வரிசையை நினைத்து, என் கணவர் என் காதில் முணுமுணுத்தார். பிள்ளைகளுக்கோ பிடித்துப்போய்விட்டது. அடுத்த வருடமும் அந்த விளையாட்டுத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள்.

அவருக்குப் பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை. ஆஸ்திரேலியாக்காரர் என்றால் அவர்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்து கொஞ்ச காலத்தில் லண்டனுக்கு வந்து, இங்கே ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டு, அந்த அம்மாள் தாயை விட்டு வரமாட்டேன் என்று சொன்னதால் கோலியர்ஸ் வுட்டிலேயே தங்கிவிட்டவர். ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டினார். நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிபோனபோது மனைவி உயிரோடு இல்லை. பிள்ளைகள் பிறக்கவே இல்லை. நெட்டையான உடம்பு, கொஞ்சம் கூனல், முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய தழும்பு. கோடையில் அரைக்கால் சட்டை போட்டால் அந்தத் தழும்பைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் முதலையா, சுறாவா என்று பந்தயம் கட்டும்.

நான் மலேசியாக்காரி. படிக்க வந்து, ஆஸ்பத்திரியில் மருந்தாளர் வேலை கிடைத்து, யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டவள். எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் ஓடும். சண்டை வந்தால் மூன்றாவதாக ஆங்கிலம்.

யாழ்ப்பாணத்து விருந்துபசாரமும் ஆஸ்திரேலியாக்காரரின் பங்குக் கணக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். என் கணவருக்கு, விருந்தாளி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல வைத்தால்தான் வைத்த மாதிரி. பெரியவருக்கோ, எல்லாரும் ஒரு முறை சாப்பிட்டு முடிக்கும்வரை யாருக்கும் இரண்டாவது கிடையாது. கணவர் கரண்டியோடு குனிவார், அவர் தட்டின்மேல் கையை விரித்து மூடுவார். "அவளுக்கு வந்ததா?" என்று சமையலறைப் பக்கம் தலையை ஆட்டுவார். அவள் என்றால் நான். நான் வந்து உட்காரும்வரை தோசையைத் தொடமாட்டார். அவர் தொடாமல் நாங்கள் எப்படித் தொடுவது? என் கணவர் முணுமுணுத்துக்கொண்டே என்னைக் கூப்பிடுவார். உண்மையைச் சொன்னால், எனக்குச் சூடான தோசை கிடைத்தது அவர் சாப்பிட வந்த நாட்களில்தான். அதற்காகவே அவரை அடிக்கடி கூப்பிட்டேன்.

அவர் தோட்டத்துத் தக்காளி பழுத்தால் எங்கள் வரிசையில் எல்லா வாசலிலும் ஒரு பை இருக்கும். அவருடைய மரக்கொட்டகையைப் பற்றிக் கவுன்சிலுக்குப் புகார் எழுதிய வீட்டு வாசலிலும் இருக்கும், அதே அளவில். "அவருக்குமா?" என்று நான் ஒருமுறை வாயை விட்டேன். "அவனுக்கும் வயிறு இருக்கிறதே, லவ்" என்றார். அவருக்கு எல்லாப் பெண்களும் லவ், எல்லா ஆண்களும் மேட். அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் அது தமிழாகவே தங்கிவிட்டது.

போரைப் பற்றித் தானாகப் பேசமாட்டார். கேட்டால், "நான் சில வாரம் சிப்பாய், மூன்றரை வருடம் கூலி" என்பார். மலாயாவின் தெற்கே கொஞ்ச நாள் சண்டை போட்டதும், பின்வாங்கிப் பின்வாங்கிச் சிங்கப்பூருக்கு வந்ததும், அங்கே சரணடைந்து ஜப்பான்காரனிடம் கைதியானதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். மற்றதை என் கணவருக்குச் சொன்னது ஒரு புயலுக்குப் பிறகு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகை வேலி சாய்ந்துவிட்டது. இருவரும் நாள் முழுக்க அதை நிமிர்த்தியபோது, இரும்பு வேகனில் அடைத்துச் சயாமுக்குக் கொண்டுபோனது, மழையில் காடு வழியாக நடத்தியது, பாறையை உடைத்து ரயில் பாதை போட்டது, மூங்கில் கிழித்த கால் அழுகிப்போனது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறார். முதுகைக் காட்டிப் பெயர் சொல்லும் வழக்கமும் அங்கே வந்ததுதானாம். பசியில் இருக்கிறவன் அடுத்தவன் தட்டைத்தான் பார்ப்பான். அந்தப் பார்வையில் சிநேகிதம் செத்துவிடக்கூடாது என்று கைதிகளே கண்டுபிடித்த வழி.

என் கணவர் அதை ஒரு போர்க்கதையாகக் கேட்டு, அதோடு விட்டுவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. அவருக்குச் சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர், அவ்வளவுதான்.

அந்த வருடம்தான் என் அப்பா மலேசியாவிலிருந்து எங்களோடு சில மாதம் இருக்க வருவதாக ஏற்பாடானது. ஒரு மத்தியானம் ஆஸ்திரேலியாக்காரர் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த மகிழ்ச்சியைச் சொன்னேன். "உன் அப்பாவும் சிலோன்தானே?" என்று கேட்டார். "இல்லை, நாங்கள் மலாயா. ஈப்போ பக்கத்தில் ரப்பர் தோட்டம். தாத்தா பால்மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவர்" என்றேன். கோப்பையை வைத்தார். அதில் பாதித் தேநீர் இருந்தது. ஒரு ரொட்டித் துணுக்கைக்கூட விட்டுவைக்காத மனிதர், பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு, கொட்டகையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு வரவில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

அப்பா வந்த மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் விஷயம் உடைந்தது. "மாமா, பக்கத்து வீட்டு மனுசன் உங்கட பக்கம் எல்லாம் தெரிஞ்சவர். சயாமில ரயில் பாதை போட்டவராம், ஜப்பான்காரன்ர மறியலில கைதியா இருந்து" என்று என் கணவர் பேச்சுவாக்கில் சொன்னார். அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது.

அப்பாவின் அப்பாவை ஜப்பான்காரன் அந்த ரயில் பாதை வேலைக்கென்று தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது அப்பாவுக்கு ஏழு வயது. சயாமுக்குப் போனவர்களில் அந்தத் தோட்டத்துக்குத் திரும்பியவர் ஓரிருவர். அவர்களுக்கும் தாத்தாவைப் பற்றித் தெரியவில்லை. செத்த நாள் தெரியாததால் திதி கிடையாது. உடல் வராததால் கருமாதி கிடையாது. தாத்தா வந்துவிடுவார் என்று அப்பாவின் அம்மா சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. அப்பா வளர்ந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸராக வேலை பார்த்தார். தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் சுடுகாடுவரை போய், தீ நன்றாகப் பிடிக்கும்வரை நின்றுவிட்டுத்தான் வருவார். அம்மா திட்டுவாள். அடுத்த சாவுக்கும் போவார்.

"அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்மா" என்றார் அப்பா. "நம்மாளுங்க செத்தப்ப அவுங்கள என்னா பண்ணாங்கன்னு. எரிச்சாங்களா, ஆத்துல தூக்கிப் போட்டாங்களா. அது தெரிஞ்சா போதும். எனக்கு நாய் இழுக்கிற மாதிரியே கனவு வருது, இந்த வயசுலயும்."

அப்பாவுக்கு அப்படி ஒரு கனவு இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

தினமும் காலையில் அப்பா வேலியோரம் போய் நின்றார். அந்தப் பக்கம் திரை மூடியிருக்கும். கதவைத் தட்டினால் திறக்காது. தக்காளிப் பை மட்டும் வாசலுக்கு வந்தது, இப்போது ஒரு தலை கூடியிருப்பதால் கொஞ்சம் கூடுதலாக. எனக்கு ஆத்திரமாக வந்தது. தக்காளி கொடுக்கத் தெரிந்தவருக்கு ஒரு வார்த்தை கொடுக்கத் தெரியாதா?

ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பும்போது அவரை வாசலில் பிடித்துவிட்டேன். அப்பா கேட்க நினைப்பதைச் சொன்னேன். பிறகு, "உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நல்லபடியாக அடக்கம் செய்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவருக்கு வயதாகிவிட்டது. அந்த ஒரு வார்த்தையில் நிம்மதியாகத் தூங்குவார்" என்றேன்.

அவர் சாவியைப் பூட்டில் வைத்தார். "எனக்கு அப்படிக் கொடுத்துப் பழக்கமில்லை, லவ். இருப்பதில் ஒரு பிடி குறைத்தும் கொடுக்க மாட்டேன், கூட்டியும் கொடுக்க மாட்டேன்."

"அப்படியென்றால் இருப்பதையாவது கொடுங்கள்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவராகவே வந்தார். கோட்டும் டையும் போட்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் டை கட்டி வந்து நான் பார்த்ததில்லை. அப்பாவுக்குத் தோட்டத்து டாக்டர்களோடு பேசிப் பழகிய ஆங்கிலம் உண்டு. அன்று அது வாயில் வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். கணவர் குழந்தையைக் கூட்டிக்கொண்டு டூட்டிங் பக்கம் கடைக்குப் போய்விட்டார்.

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்கள் முகாமுக்கு மேலே, ஆற்றோரம் உங்கள் ஆட்கள் முகாம். நடுவில் ஒரு மூங்கில் வேலி. எங்களுக்கு டாக்டர் இருந்தார், அதிகாரிகள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, கக்கூசை இங்கே தோண்டு என்று சொல்ல ஆள் இருந்தது. உங்கள் ஆட்களுக்கு யாருமே இல்லை. சிலர் மனைவி குழந்தைகளோடு வந்திருந்தார்கள். நாங்கள் சோற்றைப் பங்கு போடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பார்கள். நாங்கள் கடைசிப் பருக்கைவரை சரியாகப் பங்கு போட்டோம். எல்லாருக்கும் வந்ததா என்று தினமும் கேட்டோம். வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை."

நான் தமிழில் சொன்னேன். அப்பா தலையாட்டினார்.

"மழையோடு காலரா வந்தது. எங்களில் சிலரைக் காவல்காரன் உங்கள் முகாமுக்கு ஓட்டிக்கொண்டு போனான், செத்தவர்களை அப்புறப்படுத்த. குழி தோண்டினால் தண்ணீர் நிற்கிறது. புதைக்க வழியில்லை. மூங்கிலையும் கட்டையையும் குவித்து, அவர்களை அதன்மேல் போட்டு எரித்தோம். எங்கள் பையன்களையும் காலராவில் எரித்தோம்தான். அவர்களுக்குப் பெயர் இருந்தது. பாதிரியார் ஜெபம் சொன்னார். சாம்பலில் ஒரு பிடி எடுத்து வைத்துச் சிலுவை நட்டோம். உங்கள் ஆட்கள் பெயரை நாங்கள் கேட்கவே இல்லை. ஒரு ஜெபம் இல்லை. எங்கள் ஊரில் புதர்க்காட்டைக் கொளுத்துகிற மாதிரி கொளுத்தினோம். கொளுத்தியது நான். இவ்வளவுதான் என்னிடம் இருப்பது. உங்கள் அப்பா அங்கே இருந்தாரா என்று எனக்குத் தெரியாது. இருந்தார் என்று சொல்ல மாட்டேன்."

நான் தமிழில் சொல்லி முடித்தேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எரிச்சாங்களா?" என்று கேட்டார். "கட்டை அடுக்கியா?"

"ஆமாம். மூங்கில். கிடைத்த விறகெல்லாம்."

"நல்லா எரிஞ்சிச்சான்னு கேளும்மா."

கேட்டேன். மழை விட்டிருந்ததாம். விடியும்வரை பக்கத்திலேயே நின்று விறகு தள்ளினார்களாம், ஒன்றும் மிச்சம் இருக்கக்கூடாது என்று.

"கொள்ளி வச்சது இவரேதானா?"

"நானேதான்" என்றார் அவர்.

அப்பா எழுந்தார். அவரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி, முகத்தைக் கொஞ்சம் உயர்த்தி விறைப்பாக நின்றார். கன்னத்தில் அறை விழப்போகிறது என்று காத்திருக்கிறார் என்பது எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அந்த மூன்றரை வருடமும் அப்படித்தான் நின்றிருப்பார் போல. அப்பா அவருடைய வலதுகையை இழுத்து எடுத்து, தன் இரண்டு கண்ணிலும் மாறி மாறி ஒற்றிக்கொண்டார்.

"எங்க வழக்கத்துல எரிக்கிறதுதான் மரியாதைன்னு சொல்லும்மா. கொள்ளி வைக்கிறது புள்ளையோட வேல. எந்தப் புள்ளையும் அங்க இல்ல. இவரு இருந்தாரு. சொல்லு."

சொன்னேன். அவருக்கு அது புரியவே நேரம் எடுத்தது. லண்டனில் இவ்வளவு காலம் இருந்தவர், நாங்கள் எரிக்கிறவர்கள் என்று கேள்விப்படாதவர் இல்லை. ஆனால் தான் செய்ததையும் அதையும் அவர் ஒருபோதும் சேர்த்துப் பார்க்கவில்லை. "உங்கள் அப்பாதான் என்று நான் சொல்லவில்லையே" என்று பதறிப்போய்த் திரும்பத் திரும்பச் சொன்னார். "பரவால்லன்னு சொல்லு" என்றார் அப்பா. "எங்கப்பா வேற முகாம்ல இருந்திருந்தா, அங்கயும் இவர மாதிரி யாராச்சும் வச்சிருப்பாங்க. இனிமே நான் அப்படித்தான் நெனப்பேன்."

அப்பா உடனே மலேசியாவில் இருக்கும் என் அத்தைக்குப் போன் போடச் சொன்னார். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். தாத்தாவை ஏற்றிய லாரியின் பின்னால் தோட்டத்து ரோடு முடியும்வரை ஓடியவள். அங்கே சாயங்கால நேரம். ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன்.

"அக்கா, சயாம்ல நம்மாளுங்கள எரிச்சிருக்காங்கக்கா. ஆத்துல போடல. கட்ட அடுக்கிக் கொள்ளி வச்சிருக்காங்க. அப்பாவான்னு தெரியாது. நம்மாளுங்க."

"யாருடா தம்பி வச்சது?"

"ஒரு வெள்ளக்காரரு. அவரும் அங்க கைதிதான் லா. நம்ம பாப்பா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அண்ணன். எதுக்க ஒக்காந்திருக்காரு."

அத்தை வாய்விட்டு அழத் தொடங்கினாள். "என்னப் பெத்த அப்பா" என்று மாரில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனில் கேட்டது. தாத்தாவுக்காக எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை அப்படி அழுததில்லை. அழுதால் அவர் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்பாவும் அழுதார், நானும் அழுதேன். ஆஸ்திரேலியாக்காரர் மட்டும் தலையைக் குனிந்து, மேசையின் விளிம்பை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

அழுகை ஓய்ந்ததும் அத்தை மூக்கைச் சிந்தினாள். "அந்த அண்ணன் பக்கத்துல இருக்காரா? நான் பேசறேன்" என்றாள். போனை அவர் பக்கமாக நகர்த்தினேன். அவர் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். என்ன வரப்போகிறது என்று தெரியாமல் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்றாள் அத்தை.

"என்ன சொல்கிறார்?" என்று என்னைப் பார்த்தார்.

"நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்" என்றேன்.

அவர் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார். தோள் இரண்டும் குலுங்கின. எண்பது வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பதில் வராததால் லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்ட அத்தை, இன்னும் உரத்த குரலில் மறுபடியும் கேட்டாள்:

"அண்ணே, கேக்குதா? சாப்பிட்டீங்களா?"